எண்ணும் எழுத்தும்: புதிரும் திறவுகோலும் – யாழ்ப்பாணக் கல்வி மரபை முன்வைத்து ஒரு நோக்கு

எழுத்தை எண்ணாகவும் எண்ணை எழுத்தாகவும் மாற்றி வைத்து, அம்மாற்றத்தின் விதி யாது எனக் கேட்கும் வினாக்கள் இன்றைய நுண்ணறிவுப் பரீட்சைகளிலே பெருவழக்காக உள்ளன. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றும் சிறுவன் முதல் அரசாங்க சேவைப் போட்டிப் பரீட்சைகளுக்குத் தோற்றும் பட்டதாரி வரை இவ்வினாக்களோடு மல்லுக்கட்டாதார் இலர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, வாழைத் தோட்டங்களாற் பெயர்பெற்ற நீர்வேலி போன்ற விவசாயக் கிராமங்களிலும் பரீட்சைக் காலத்தில் இவ்வினாக்கள் வீட்டுக்கு வீடு பேசப்படும் பொருளாகிவிடுகின்றன. ஒரு பிள்ளையின் பாடசாலையும், அதன்வழி அதன் எதிர்காலமும் ஓரளவிற்கு இவற்றாலே தீர்மானிக்கப்படுவதே அதற்குக் காரணமாகும்.

இவ்வகைப் புதிர்கள் மேனாட்டார் தந்தவை என்பது பொதுவான எண்ணம். நுண்ணறிவுப் பரீட்சை என்ற அமைப்பு மேனாட்டாருடையது என்பது உண்மையே. ஆனால் எண்ணையும் எழுத்தையும் ஒன்றற்கொன்று பதிலியாக நிறுத்தும் கலை தமிழருக்கோ, குறிப்பாக யாழ்ப்பாணத்தவருக்கோ புதியதன்று. அக்கலையின் வரலாற்றை நோக்குமிடத்து, இன்றைய பரீட்சை முறை பற்றிய ஒரு முக்கியமான வினாவும் எழுகின்றது. ஒரு புதிரை விடுவித்தவன் தன் அறிவைக் காட்டுகின்றானா, அன்றித் தனக்கு முன்னரே கிடைத்த திறவுகோலைக் காட்டுகின்றானா என்பதே அவ்வினாவாகும்.

தமிழ் மரபில் மறைகுறி

ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு ஒரு பொருளின் பெயரை மாற்றி வழங்குதலைத் தமிழிலக்கணகாரர் குழூஉக்குறி என்று வகுத்தனர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று வழங்கியமை உரைகாரர் காட்டும் புகழ்பெற்ற உதாரணமாகும். இதனைப் பிழையான வழக்கென இலக்கணகாரர் ஒதுக்கவில்லை. தகுதி வழக்கின் ஒரு வகையாகவே ஏற்றுக்கொண்டனர் என்பது கவனிக்கத்தக்கது. மறைகுறியை அறியாதவன் அறிவிலி அல்லன். அவன் அக்குழுவிற்குப் புறத்தே நிற்பவன், அவ்வளவே. இந்த எளிய உண்மை பின்னர் மறக்கப்பட்டதை இக்கட்டுரையின் பிற்பகுதி காட்டும்.

அணியிலக்கண நூல்கள் சொல்லணியின்கண் எழுத்துப் புதிர்கள் பலவற்றை வகுத்துள்ளன. எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கூட்டி வெவ்வேறு சொற்களைப் பெறுதல் எழுத்துவருத்தனம் எனவும், ஒவ்வொன்றாக நீக்கிப் பெறுதல் அக்கரச்சுதகம் எனவும் பெயர்பெறும். 'நகரம்' என்பதில் முதலெழுத்தை நீக்கின் 'கரம்' எஞ்சுதலும், அக்கரத்தின் முன் வேறெழுத்தைக் கூட்டின் 'சிகரம்', 'மகரம்', 'அகரம்' எனப் பிறத்தலும் இவ்வாட்டத்தின் எளிய வடிவங்கள். முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றேயாக வரும் மாலைமாற்றும் இவ்வினத்தைச் சார்ந்ததே.

எண்ணும் எழுத்தும் நேரே சந்திக்கும் இடம் தமிழெண் வடிவமாகும். தமிழெண் குறிகளிற் பல எழுத்துக்களோடு உருவொற்றுமை உடையன. ஒன்றிற்குரிய குறி ககரத்தையும், இரண்டிற்குரியது உகரத்தையும், எட்டிற்குரியது அகரத்தையும், பத்திற்குரியது யகரத்தையும் ஒத்திருக்கும். பின்னங்களுள் காலுக்குரிய குறி வகரம் போன்றது. ஒளவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடலொன்று ஒருவரை எட்டேகால் என்னும் தொகையைக் கொண்டு விளித்து இகழ்கின்றது. எட்டிற்கு 'அ', காலுக்கு 'வ' என்று எழுதிப் பார்ப்பவனுக்கே அத்தொகை 'அவ' என்றாகி, அவலட்சணம் என்ற வசை வெளிப்படும். இன்றைய பரீட்சை மண்டபத்தில் வைக்கத்தக்க எண்-எழுத்துக் குறியீட்டு வினாவொன்றை அத்தனிப்பாடல் நூற்றாண்டுகளுக்கு முன்னரே வைத்துவிட்டது எனலாம்.

திண்ணைப் பள்ளியில் எண்சுவடி பயின்ற மாணாக்கன் முந்திரி என்பது 320 இல் ஒரு பங்கு, காணி என்பது 80 இல் ஒரு பங்கு, மா என்பது 20 இல் ஒரு பங்கு என மனனஞ் செய்ததோடு, அவற்றின் குறிகளையும் எழுதப் பழகினான். அவனுக்கு எட்டேகாற் புதிர் ஒரு கணப்பொழுதில் விடுபடும். அராபிய எண்வடிவங்களை மட்டும் கற்ற இன்றைய மாணவன் எத்துணைக் கூர்மதி உடையவனாயினும் உரையின் துணையின்றி அதனை விடுவித்தல் அரிது. அறிவு குறையவில்லை, திறவுகோல் கைமாறவில்லை.

கடபயாதி என்னும் எழுத்தெண் முறை

வடமொழி வானியலாரிடத்தே இக்கலை ஒரு முழுமையான முறையாக வளர்ந்தது. கி.பி. 499 ஆம் ஆண்டைத் தன் கணிப்பின் நிலைக்களமாகக் கொண்ட ஆரியபடர், ககரம் முதல் மகரம் ஈறாகவுள்ள 25 மெய்களுக்கு 1 முதல் 25 வரையும், யகரம் முதலியவற்றிற்கு 30 முதலாகவும் பெறுமானம் கொடுத்து, உயிரெழுத்தால் இடமதிப்பைக் காட்டினார். அம்முறை சுருக்கமுடையதாயினும் உச்சரித்தற்கு அரிய சொற்களைப் பிறப்பித்தது. தென்னாட்டில், சிறப்பாகக் கேரளத்தில், பெருவழக்குப் பெற்ற கடபயாதி முறை இக்குறையை நீக்கியது.

இதன் விதி எளிது. வடமொழி நெடுங்கணக்கிலே க வரிசையிலிருந்து தொடங்கி ஒன்று முதல் எண்ணிச் செல்லவேண்டும். ட வரிசையிலும், ப வரிசையிலும், ய வரிசையிலும் மீண்டும் ஒன்று முதல் எண்ணவேண்டும். க, ட, ப, ய என்னும் நான்கும் ஒன்றைக் குறிப்பதாலேயே இப்பெயர் வந்தது. ஞகரமும் நகரமும் சுழியம். உயிரேறாத மெய்க்குப் பெறுமானம் இல்லை. கூட்டெழுத்தில் இறுதி மெய்யே கொள்ளப்படும். இலக்கங்கள் வலமிருந்து இடமாக வாசிக்கப்படும். 'கமலம்' என்ற சொல்லில் க 1, ம 5, ல 3. இறுதி மகரவொற்றிற்குப் பெறுமானம் இல்லை. திருப்பி எழுத 351 கிடைக்கும். ஒவ்வோர் இலக்கத்திற்கும் பல எழுத்துக்கள் உரியனவாகையாற் பொருளுள்ள சொற்களைத் தெரிந்தெடுக்க இடமுண்டு. சொல்லை நினைவில் வைத்தவன் எண்ணையும் நினைவில் வைத்தவனாகின்றான்.

கர்நாடக இசை பயில்வோர் இம்முறையை இன்றும் கையாளுகின்றனர். 72 மேளகர்த்தா இராகங்களின் பெயர்களில் முதலீரெழுத்துக்கள் அவ்விராகத்தின் வரிசையெண்ணைச் சுட்டும். தொடக்க மாணாக்கர் பயிலும் மாயாமாளவகௌளையில் மா 5, யா 1, திருப்பின் 15. தீரசங்கராபரணத்தில் தீ 9, ர 2, திருப்பின் 29. மேல்புத்தூர் நாராயண பட்டதிரி நாராயணீயத்தை நிறைவுசெய்த நாளின் கலிநாட்டொகையாகிய 17,12,210 ஐ அந்நூலின் இறுதித் தொடரிலே அமைத்துவைத்தார். அது 1586 ஆம் ஆண்டிற்கு நேராகும்.

தமிழெழுத்தைக் கொண்டு இம்முறையைக் கையாளுவதில் ஓர் இடர் உண்டு. வடமொழியில் நான்காக நிற்கும் ககரங்களைத் தமிழ் ஒரே எழுத்தால் எழுதும். 'நகம்' என்ற தமிழ்ச் சொல் விரலுகிரையும் குறிக்கும், மலையையும் குறிக்கும். வடமொழியில் உகிரைக் குறிக்கும் சொல்லில் இரண்டாம் ககரமும், மலையைக் குறிக்கும் சொல்லில் மூன்றாம் ககரமும் வருதலின், முன்னது 20 என்றும் பின்னது 30 என்றும் எண் தரும். தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றே. ஆகவே, வடமொழி அறிவும் கிரந்த எழுத்தறிவும் இல்லாதவனுக்கு இப்பூட்டுத் திறவாது. நீர்வேலியிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளங்கிய சங்கர பண்டிதர் போன்று, தமிழும் வடமொழியும் ஒருங்கே கற்றுப் பிறர்க்கும் கற்பித்தோர் யாழ்ப்பாணக் கல்வி மரபிற் பெற்ற மதிப்பு சமய நூற் புலமை ஒன்றால் மட்டும் வந்ததன்று. சோதிடம் முதலிய கலைகளின் வாயில் வடமொழியாக இருந்தமையும் அம்மதிப்புக்கு ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

வாக்கியமும் வானமும்

யாழ்ப்பாணத்திலே இன்றும் வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என இருவகைப் பஞ்சாங்கங்கள் வழங்குகின்றன. புத்தாண்டு பிறக்கும் நேரத்தை இரண்டும் வேறுவேறாகக் குறித்தல் பலரும் அறிந்ததே. ஆனால் 'வாக்கியம்' என்ற பெயரின் காரணம் பலர் அறியாதது. சந்திரனின் நாளாந்த இருப்பைக் கடபயாதி முறையிற் சிறு வாக்கியங்களாக அமைத்துவைத்தமையாலேயே அப்பெயர் உண்டாயிற்று. வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248. சந்திரனின் வேகம் கூடிக் குறைந்து மீளும் சுற்று ஏறத்தாழ இருபத்தேழரை நாள். அத்தகைய ஒன்பது சுற்றுக்கள் ஏறத்தாழ 248 நாட்களில் நிறைவுறும். முதல் வாக்கியம் 12 பாகை 3 கலையையும், இறுதி வாக்கியம் 27 பாகை 44 கலையையும் தரும். பெரும் அட்டவணை ஒன்றை ஏட்டிலன்றி நாவிலே சுமந்து சென்ற விந்தை இதுவாகும்.

இவ்விந்தை மேனாட்டாரை வியப்பில் ஆழ்த்தியது. 1769 இல் வெள்ளியின் இடைநகர்வைக் காணப் புதுச்சேரியிலே காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தில், தமிழரொருவரிடம் கிரகணக் கணிதம் கற்றார். ஜோன் வாரன் என்பார் 1825 இற் சென்னையில் வெளியிட்ட 'காலசங்கலித' என்னும் ஆங்கில நூலிலே, தென்னிந்தியப் பஞ்சாங்க கணிதர் ஒருவர் நிலத்திற் சோகிகளைப் பரப்பி, மனனஞ் செய்த சொற்களிலிருந்தே எண்களைப் பெற்று, அவ்வாண்டு மே 31 இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்தமையை விவரித்தார். தொடக்க நேரத்தில் ஏற்பட்ட வழு 4 நிமிடம். நடுநேரத்தில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். கணித வரலாற்றறிஞர் ஒட்டோ நொய்கபவர் 1952 இல் இதனை மீண்டும் ஆராய்ந்து உலகறியச் செய்தார்.

எனினும் வாரன் மற்றொன்றையும் கண்டார். கணிதர் விதிகளைப் பிழையின்றிக் கையாண்டார். ஆனால் அவ்விதிகள் எதனால் அமைந்தன என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. திறவுகோல் கையிலிருந்தது, பூட்டின் அமைப்பு மறந்துபோயிற்று.

இம்மறதியின் விளைவு யாழ்ப்பாணத்திலே 1829 ஆம் ஆண்டு மார்ச்சு மாதச் சந்திர கிரகணத்தின்போது வெளிப்பட்டது. அராலியைச் சேர்ந்த விசுவநாத சாத்திரியார் பஞ்சாங்கத்திற் குறித்த கணிப்பும், வட்டுக்கோட்டை செமினரியிலே டானியல் பூவர் மேலைத்தேய முறையிற் செய்த கணிப்பும் வேறுபட்டன. கிரகணம் பூவரின் கணிப்புக்கே இயைந்து நிகழ்ந்ததென மிசனரிமாரின் பதிவுகள் கூறுகின்றன. அவர்கள் இதனைச் சமயப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தியதை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் கணிதம் பற்றிய பாடத்தை மறுத்தல் இயலாது. இப்பாடம் நம் மரபுக்குப் புறம்பானதுமன்று. கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டு கிரகணங்களை நேரிற் கண்டு, பழைய கணிப்பு வானத்தோடு இயையாமை உணர்ந்து, 1431 இல் திருக்கணித முறையை வகுத்தார். விதியை ஓதுதல் ஒருபடி. விதியைச் சோதித்தல் அதனினும் உயர்ந்த படி என்பதை அவர் அறிந்திருந்தார்.

நுண்ணறிவுப் பரீட்சையின் வருகை

எழுத்தெண் மாற்றம் நினைவுக் கலையாகவும் இரகசியக் கலையாகவும் இருந்த நிலை மாறி, மனிதரைத் தரம்பிரிக்கும் கருவியானது இருபதாம் நூற்றாண்டிலாகும். 1905 இற் பிரான்சிலே பினே, சிமோன் என்போர் அமைத்த முதற் சோதனையின் நோக்கம் பின்தங்கிய பிள்ளைகளை இனங்கண்டு உதவுதலே. 1917 இல் அமெரிக்கா உலகப் போரிற் புகுந்தபோது, படையிற் சேர்ந்தோரைத் தெரிவுசெய்ய அல்பா, பீட்டா என இரு சோதனைகள் உருவாக்கப்பட்டன. ஆங்கிலம் வாசிக்க இயலாதோர்க்குரிய பீட்டாவில், ஒவ்வோர் இலக்கத்திற்கும் ஒரு குறியீட்டைத் தந்து, விரைந்து நிரப்புமாறு கேட்கும் பகுதியும் இருந்தது. பதினேழு இலட்சத்திற்கு மேற்பட்டோர் இவ்விரு சோதனைகளாலும் அளக்கப்பட்டனர்.

இப்பெறுபேறுகளைக் கொண்டு கார்ல் பிரிகம் என்னும் உளவியலாளர் 1923 இல் ஒரு நூல் எழுதினார். தென், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியோர் பிறப்பிலேயே அறிவு குன்றியவர்கள் என்பது அதன் முடிவு. ஆனால் 1930 இல் அவரே தம் முடிவு அடிப்படையற்றதென ஒப்புக்கொண்டு அதனைக் கைவிட்டார். ஆங்கில மொழியிலும் அமெரிக்க வாழ்க்கையிலும் ஒருவர் பெற்ற பழக்கத்தை அளந்துவிட்டு, அதனை அவரது பிறவியறிவின் அளவு எனக் கொள்ளல் தகாது என்பது அப்போது தெளிவாயிற்று. குழூஉக்குறியை அறியாதவன் அறிவிலி அல்லன் என்று நம் இலக்கணகாரர் உணர்ந்திருந்த உண்மையை மேனாட்டு ஆய்வுலகு பெரும் அநீதி ஒன்றின் பின்னரே உணர்ந்தது.

இங்கிலாந்திலே 1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின் பதினொரு வயதுப் பிள்ளைகளைப் பாடசாலைகளுக்குப் பிரித்தனுப்ப இத்தகைய சோதனைகள் பரவலாகப் பயன்பட்டன. இலங்கையில் கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மத்திய பாடசாலைகளும் புலமைப்பரிசிலும் கிராமப்புறப் பிள்ளைகளுக்குப் புதுவாயிலைத் திறந்தன. அவ்வாயிலிற் காவல் நிற்பவற்றுள் ஒன்றாக நுண்ணறிவு வினா அமைந்தமையாலேயே அதன் நீதி, அநீதி நமக்கும் உரிய விடயமாகின்றது.

நெடுங்கணக்கும் விடுவிக்கும் முறையும்

பயிற்சி நூல்களிற் காணப்படும் குறியீட்டு வினாக்கள் பெரும்பாலும் ஆங்கில நெடுங்கணக்கை அடியொற்றியவை. 26 எழுத்துக்கள், ஒவ்வொன்றிற்கும் ஒரே இடம். 'நீர்வேலி' என்ற ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதின் எட்டெழுத்தாகி, 14, 5, 5, 18, 22, 5, 12, 9 என எண்ணுருப் பெறும். தமிழிலோ அது நான்கெழுத்து. ஆங்கில எழுத்துக்களின் வரிசையெண் நாவில் நிற்கும் நகர்ப்புறப் பிள்ளைக்கும், அவற்றை விரல்விட்டு எண்ணும் கிராமப்புறப் பிள்ளைக்கும் இடையே வினாவை வாசிக்குமுன்னரே இடைவெளி விழுந்துவிடுகின்றது.

தமிழ் நெடுங்கணக்கின் இயல்பு வேறு. அது ஒற்றை வரிசையன்று. மெய் 18 ஒருபுறமும் உயிர் 12 மறுபுறமுமாக விரிந்த கட்டம். 'நீ' என்பது எட்டாம் மெய்யும் நான்காம் உயிரும் கூடியது: 8–4. 'ர்' 12–0, 'வே' 14–8, 'லி' 13–3. ஒற்றை எண் வேண்டுமாயின், 'நீ' உயிர்மெய் வரிசையில் எத்தனையாவது என்பதை மனனஞ் செய்யவேண்டியதில்லை. முன்னுள்ள ஏழு மெய்களுக்கும் பன்னிரண்டு வீதம் 84. அதனோடு 4 கூட்ட 88. அரிச்சுவடி அறிந்த பிள்ளை பெருக்கலறிவைக் கொண்டு தானே கண்டடையும் விடை இது. பிற நெடுங்கணக்கை இரவல்வாங்கி அமைத்த வினாவைவிட இத்தகைய வினா தமிழ்ப் பிள்ளையின் சிந்தனையைச் செவ்வையாக அளக்கும்.

விடுவிக்கும் முறையிலும் கவனிக்கவேண்டியன உண்டு. 'மலை' என்பது 'யவை' என எழுதப்படின் 'கடல்' எவ்வாறு எழுதப்படும் என்று ஒரு வினா அமையின், முதலில் உயிரையும் மெய்யையும் பிரித்து நோக்கவேண்டும். மகரம் பத்தாவது, யகரம் பதினோராவது. லகரம் பதின்மூன்றாவது, வகரம் பதினான்காவது. உயிர்கள் மாறவில்லை. மெய் ஓரிடம் முன்செல்கின்றது என்பது விதி. ஆகவே 'கடல்' என்பது 'ஙணவ்' ஆகும். இனி, இறுதி மெய்யாகிய னகரத்திற்கு அடுத்தது யாது? ககரத்திற்கு மீளுமா, மாறாது நிற்குமா? வினா அதனைச் சொல்லவில்லை. ஓர் உதாரணத்திற்குப் பல விதிகள் பொருந்தக்கூடும். 2, 4 என்பவற்றின் பின் 6 வரலாம், 8 வரலாம், 16 உம் வரலாம். கூட்டல், இரட்டித்தல், வர்க்கித்தல் ஆகிய மூன்றும் பொருந்துவனவே. எனவே, கண்ட விதியை இரண்டாம் உதாரணத்திலே சோதித்தறிதல் விடுவிப்போன் கடன். ஒரே விதிக்கு இடந்தருமாறு போதிய உதாரணங்களைத் தருதல் வினாவமைப்போன் கடன். பின்னையது தவறின், 'பிழை' எனக் குறியிடப்படும் விடை பிள்ளையின் பிழையாகாது.

முடிவுரை

இவ்வரலாறு இரு பக்கமும் எச்சரிக்கை தருகின்றது. திறவுகோல் கிடையாதவனை அறிவற்றவனென ஒதுக்குதல் ஒரு தவறு. 1923 ஆம் ஆண்டு நூல் அதற்குச் சான்று. திறவுகோலைப் பெற்றதனால் மட்டும் ஒருவனை அறிவாளியெனக் கொள்ளல் மற்றொரு தவறு; வாரன் கண்ட கணிதரும், அராலிப் பஞ்சாங்கத்தின் கிரகணக் கணிப்பும் அதற்குச் சான்று. குறுக்குவழிகளை மட்டும் ஓதுவித்துப் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பும் பயிற்சி முறை, பொருளறியாது வாக்கியம் ஓதிய பழைய முறையின் புதிய வடிவமே. அதனையும் பணங்கொடுத்துப் பெறவேண்டியிருப்பது பழைய முறையில் இல்லாத ஒரு கொடுமை.

ஆகவே, குறியீட்டு வினாக்களை அடியோடு நீக்குதல் வேண்டப்படுவதன்று. நெடுங்கணக்கும் அதன் வரிசையெண்ணும் வினாத்தாளிலேயே அச்சிடப்படல் வேண்டும். தமிழ்மொழி மூல வினாக்கள் தமிழெழுத்தின் அமைப்பை அடியாகக் கொண்டு புதிதாக ஆக்கப்படல் வேண்டும். வகுப்பறையில் விடையோடு விதியும், விதியோடு அதைச் சோதிக்கும் வழியும் கற்பிக்கப்படல் வேண்டும். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய சமுதாயத்திற்கு இவை பெருஞ் செயல்கள் அல்ல. எல்லாப் பிள்ளைகளின் கையிலும் ஒரே திறவுகோலைக் கொடுத்த பின்னரே எவர் பூட்டைத் திறக்க வல்லவர் என்று கேட்பது நீதியாகும்.